தம்பிகிட்ட போலீஸ் வாங்கின கையெழுத்து, கேஸ் தானா உடைஞ்சிடுமா?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "தம்பிக்கு அறிவு வளர்ச்சி கம்மி, யார் என்ன கேட்டாலும் ஆமாம்னுடுவான். நகை திருட்டு கேஸ்ல கையெழுத்து வாங்கி ரிமாண்ட் பண்ணிட்டாங்க. அன்னைக்கு அவன் வேலை பாக்குற பேக்கரியிலதான் இருந்தான், போலீஸ் அங்க வந்து விசாரிக்கவே இல்ல. கேஸ் நிக்காதுல்ல?"

நிக்காதுன்னு நம்பி சும்மா இருந்துடாதீங்கம்மா. விசாரணை சரியில்லங்கற ஒரே காரணத்துக்காக விடுதலை பண்ண முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே பல தீர்ப்புல சொல்லியிருக்கு, அதோட சம்பவ நேரத்துல அவன் வேற இடத்துல இருந்தான்னு சொன்னா அதை நிரூபிக்க வேண்டியது நம்ம பொறுப்பு.

அதனால முதல்ல பேக்கரி சிசிடிவி. பெரும்பாலான கடைகள்ல கொஞ்ச நாள்லயே பழைய பதிவு மேல புதுசு ஏறிடும், இன்னைக்கே, முடிஞ்சா வக்கீலோட, போய் ஓனர்கிட்ட அந்த பதிவை அழியாம வைக்கச் சொல்லுங்க, காப்பி எடுக்கும்போதே புது சாட்சியச் சட்டம் 63வது பிரிவு சர்டிபிகேட்டும் (அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுத்ததுன்னு உறுதி சொல்ற சான்று) வாங்கிடணும், இது இல்லன்னா நல்ல வீடியோவும் கோர்ட்ல ஏறாது. ஓனருக்கு என்ன சாட்சி சொல்லணும்னு மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. கையெழுத்து வாங்கின போலீஸ் ஸ்டேஷன் கேமரா பதிவையும் விடாதீங்க, 2020ல வந்த சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி அதை 18 மாசம் வைக்கணும், குறைஞ்சது ஒரு வருஷமாவது. அதைப் பாதுகாக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்கிட்ட மனு போடுங்க.

கையெழுத்தைப் பத்தி ரொம்ப பயப்படாதீங்க, போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனா "அவன் சொல்லித்தான் நகை கெடச்சது"ன்னு எழுதியிருந்தா அந்தப் பகுதி மட்டும் சாட்சியமா உள்ள வந்துடும், சண்டையே அங்கதான். 2024 ஜூலையிலிருந்து சோதனை, கைப்பற்றல் எல்லாத்தையும் வீடியோ எடுத்தே ஆகணும், அது எங்கன்னு கேளுங்க, மகஜர்ல (பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகளை வெச்சு எழுதற பதிவு) கையெழுத்து போட்டவங்க யாருன்னு பாருங்க. சார்ஜ் ஷீட்ல சேர்க்காம விட்ட ஆவணங்களோட பட்டியலையும் கேட்டு வாங்கணும்.

இன்னொண்ணு, இதை நெறைய பேர் கவனிக்காம விடறது எனக்கு ரொம்ப வருத்தம். தன் கேஸை நடத்துற அளவுக்கு அவனுக்குப் புரியுதான்னு டாக்டரை வெச்சு கோர்ட் முதல்ல பாக்கணும், புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 367, 368 பிரிவுகள் அதைத்தான் சொல்லுது. மாற்றுத்திறனாளி அட்டை, ஸ்கூல் ரெக்கார்டு, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாத்தையும் ஜாமீன் மனுவோடயே வைங்க.

வக்கீல் ஃபீஸ் கட்ட முடியலன்னா கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, இல்ல 15100க்கு போன் பண்ணுங்க. காவல்ல இருக்கறவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க. ஆனா வக்கீல் வர்ற வரைக்கும் பேக்கரிக்குப் போறதைத் தள்ளிப் போடாதீங்க.