நான்கு வயதுப் பிள்ளைக்கு விஞ்ஞானம் தேவையா?

விஞ்ஞானப் பாடம் ஆறாம் தரத்தில்தானே தொடங்குகிறது, முன்பள்ளிப் பிள்ளைக்கு அது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பாடம் அப்போதுதான் தொடங்கும். ஆனால் "ஏன்?" என்ற கேள்வி மூன்று வயதிலேயே வந்துவிடுகிறதே!

மட்டக்களப்பில் எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கிளாஸ் தண்ணீரில் பச்சை முட்டையைப் போட்டால் தாண்டு போகும். மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்தால் மேலே வரும். உப்புத் தண்ணீர் அதே அளவு நல்ல தண்ணீரைவிடக் கனமானது, அதனால் முட்டையைத் தாங்குகிறது. இதைப் பிள்ளை பாடமாக்கத் தேவையில்லை. உப்புப் போடுமுன் "என்ன நடக்கும் மகள்?" என்று கேளுங்கள். அவள் ஒன்று சொல்வாள், வேறொன்று நடக்கும். அப்புறம் "சீனி போட்டால்?" என்பாள். என்னைக் கேட்டால் விஞ்ஞானம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. (சீனியிலும் மிதக்கும், கூடுதலாக வேண்டும்.)

தவறாகச் சொன்னால் திருத்த அவசரப்படாதீர்கள். தண்ணீரை ஒடுங்கிய உயரமான கிளாஸுக்கு மாற்றினால் "கூடிவிட்டது" என்றுதான் சின்னப் பிள்ளைகள் சொல்வார்கள். சுவிஸ் உளவியலாளர் பியாஜே இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஏழு வயதளவில் தானாகவே பிடிபடும்.

கல்லடிக் கடற்கரைக்குப் போனால், ஈர மணலில் வீடு நிற்பதும் காய்ந்த மணலில் சரிவதும் ஏனென்று கேட்டுப் பாருங்கள்.