19 வயது வித்தியாசம்: பதிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

தங்கச்சி, தென்னாப்பிரிக்காவில் உம்சிந்தோவுக்கு உள்ளே கரும்புத் தோட்ட ஊர், உங்களுக்கு 29, வந்திருக்கும் வரனுக்கு 48, விவாகரத்தானவர், ஊரில் வேறு வரனே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வயதைவிட அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலை. காவடி, தீமிதி நாட்களில் டர்பன், டோங்காட் குடும்பங்களெல்லாம் கோயிலில் கூடும். சித்தியையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு போய் நாலு பேரைப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் அவரையே பிடித்திருந்தால், விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேளுங்கள். அவர் கைபேசியிலிருந்தே ஆங்கில 'எம்' எழுத்தையும் அடையாள எண்ணையும் 32551க்கு அனுப்பச் சொல்லுங்கள். அரசுப் பதிவில் அவர் மணமானவரா என்று பதில் வரும்.

கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. நடத்தி வைக்கும் ஐயர் அரசு அங்கீகாரம் பெற்ற திருமண அதிகாரி இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) தனியாகப் பதிய வேண்டும். சொத்தைத் தனித்தனியாக வைக்கும் ஒப்பந்தமில்லாமல் கல்யாணத்தைப் பதிந்தால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும், அவருடைய பழைய கடன் உட்பட. அதனால் கல்யாணத்துக்கு முன்பே அந்த ஒப்பந்தத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டு, 3 மாதத்துக்குள் பத்திர அலுவலகத்தில் பதியுங்கள். பிறகு மாற்ற நீதிமன்றம் போக வேண்டும், செலவு அதிகம்.

பழைய உயிலை மாற்றினாரா, ஓய்வூதிய நிதியில் யார் பெயர் இருக்கிறது என்றும் கேளுங்கள். கோபிப்பாரோ என்று தயங்காதீர்கள். 48 வயதில் இதெல்லாம் அவரே எடுத்து வைக்க வேண்டியவை.