வெலிங்டன் அல்ல, வில்லிங்டன்

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கத்து வெலிங்டன், சென்னையில் லேடி வெலிங்டன் பள்ளி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த வெலிங்டன் பிரபுவின் பட்டம் வாரிசில்லாமல் அழிந்துவிட்டதாமே? - வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்து வெலிங்டன், வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த டியூக். அவர் பட்டம் இன்றும் இருக்கிறது. அழிந்தது வில்லிங்டன் பட்டம். இங்கிலாந்தின் சசெக்ஸில் ஈஸ்ட்போர்னை ஒட்டிய ஓர் ஊரின் பெயர் அது. சென்னைப் பள்ளியும் அந்த வில்லிங்டன்தான். 'வி' போட வேண்டிய இடத்தில் 'வெ' போட்டு இரண்டு பேரை ஒருவராக்கிவிடுகிறோம். எத்தனை முறை எழுதினாலும் இது திருந்தவில்லை.

ஃப்ரீமன் தாமஸ் என்பவர் 1910-ல் வில்லிங்டன் பாரன் (Baron) ஆனார்; பிரபுப் பட்டங்களில் கடைசிப் படி அது. 1919 முதல் 1924 வரை சென்னை கவர்னர். பிறகு அதற்கு மேற்படிகளான விஸ்கவுண்ட், ஏர்ல்; இந்தியாவின் வைஸ்ராய். 1932 ஜனவரியில் காந்தியைச் சிறைக்கு அனுப்பியது இவர் ஆட்சிதான். 1936-ல் ஏர்லுக்கும் மேலான மார்க்வெஸ். மூத்த மகன் ஜெரார்ட் 1914-ல், போர் தொடங்கிய சில வாரங்களிலேயே, பிரான்ஸில் இறந்தார். இளையவர் இனிகோ பிள்ளையில்லாமல் 1979-ல் இறந்ததும் அத்தனை பட்டங்களும் ஒரே நாளில் முடிந்தன.

'வாரிசில்லாமல்' என்கிறீர்களே, அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம். லேடி வில்லிங்டன் என்ற மேரியின் அப்பா பிராஸி 1911-ல் ஏர்ல் ஆனவர். மேரி சென்னையில் கவர்னர் மனைவியாக இருந்த 1919-ல், அவருடைய ஒரே அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்தார். எட்டே வருஷத்தில் அந்தப் பட்டமும் போயிற்று. வாரிசா இல்லை? மேரி இருந்தார், அக்காமார் இருந்தார்கள். பட்டம் தந்த அரசு ஆவணத்தில் ஆண் வாரிசு என்று எழுதியிருந்ததால், இருந்த பெண்கள் கணக்கிலேயே வரவில்லை. பெரும்பாலான பிரிட்டிஷ் பட்டங்களுக்கு இன்றும் அதே விதிதான். சொத்தில் மகளுக்குப் பங்கு கேட்டு இந்தப் பக்கத்தில் நான் எழுதியபோதெல்லாம் "குடும்பம் உடையும்" என்று கடிதம் போட்டவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பிராஸியின் மகள் பெயரில் மெரினாவில் ஐஸ் ஹவுஸை (இன்றைய விவேகானந்தர் இல்லம்) ஒட்டி 1922-ல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி வந்தது. முதல் முதல்வர் சகோதரி சுப்புலட்சுமி. குழந்தை விதவை, 1911-ல் பட்டதாரி ஆனவர், அதே ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தவர். அங்கே பயிற்சி பெற்ற டீச்சர்கள் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த முறை கடற்கரைச் சாலையில் போகும்போது அந்த வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பெயரை 'வி' போட்டே சொல்லுங்கள்.