காசியில் நான்கு நாளுக்கும் கார் தேவையா?

தண்டையார்பேட்டையிலிருந்து பெற்றோரைக் காசிக்கு அழைத்துப் போகிறீர்கள், அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் நான்கு நாளுக்கும் ஒரே காரைப் பேசிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. பணம் போகும், அம்மாவுக்கும் அதனால் பெரிய சௌகரியம் இல்லை.

விசுவநாதர் கோயில், தசாசுவமேத கட்டம் (கங்கைப் படித்துறை) பக்கமெல்லாம் நம்ம சௌகார்பேட்டை சந்துகள் மாதிரிதான். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோதௌலியா சந்திப்புக்கு முன்பே காரை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் நடை, இல்லையென்றால் ரிக்‌ஷா. எனவே முதலில் அறையைக் கவனியுங்கள். தமிழர்கள் வழக்கமாகத் தங்கும் அனுமான் கட்டம், கேதார் கட்டம் பகுதிகளில் எடுப்பதானால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்கணும், வழியில் எத்தனை படி, கீழ்த்தளத்தில் அறை உண்டா என்று போனிலேயே கேளுங்கள். அம்மாவுக்கு இதுதான் முக்கியம்.

சாரநாத் 10 கி.மீ.தான், ஆட்டோ போதும். கார் வேண்டியது பிரயாகைக்கும் கயாவுக்கும். பிரயாகை சுமார் 120 கி.மீ., ஒரே நாளில் போய் வரலாம். கயா 250 கி.மீ. இருக்கும், அப்பா அங்கே பிதுர் காரியம் செய்வதாக இருந்தால் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள், அன்றே திரும்புவது வயதானவர்களுக்குக் கொடுமை. கயா பீகாரில் இருப்பதால் பெர்மிட் வரி, டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்ந்த தொகையா என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியாகவே கேளுங்கள்.

ரயிலில் போவதானால் டிக்கெட்டை ஒருமுறை பாருங்கள். சில வண்டிகள் வாரணாசிக்குள் வராமல் முகல்சராயில் (இப்போது தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு) நிற்கும். அங்கிருந்து ஊருக்குள் வர ஒரு டாக்சி பிடிக்கணும்.