உலகத்தோட முதல் கௌபாய் சினிமா ஹீரோ யாரு? அவரை ஏன் யாருக்குமே தெரியல?

ஹாலிவுட் கௌபாய் நடிகர் ஜான் வேய்ன்னு ஏற்கனவே நாலு பேர் பதில் போட்டிருக்காங்க, அதைப் பாத்துட்டுதான் எழுதாம இருக்க முடியல. ஜான் வேய்ன் பொறந்ததே 1907-ல. அதே 1907-ல நான் சொல்லப்போற மனுஷன் சிகாகோல சொந்தமா சினிமா கம்பெனியே ஆரம்பிச்சுட்டாரு. பேரு கில்பர்ட் ஆண்டர்சன், ஜனங்க கூப்பிட்டது ப்ராங்கோ பில்லின்னு. நிஜப் பேரு மேக்ஸ் ஆரன்சன், 1880-ல ஆர்க்கன்சா மாநிலம் லிட்டில் ராக்ல ஒரு யூதக் குடும்பத்துல பொறந்தவரு, மாடு மேய்ச்ச பரம்பரை எல்லாம் கிடையாது.

கேட்டவங்க அனேகமா ஏதோ குவிஸ்க்கு கேட்டிருப்பீங்க, இல்லன்னா என்னை மாதிரி கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட்ல குடியிருந்து, அதுல ஒரு பகுதியான நைல்ஸ் பக்கம் போனப்ப மலை மேல வெள்ளையா எழுதியிருக்கிற நைல்ஸ்ங்கிற பேரைப் பாத்துட்டு கேட்டிருப்பீங்க. ரெண்டாவதா இருந்தா ரொம்ப சந்தோஷம், ஏன்னா அந்த ஆளு படம் எடுத்த இடமே அதுதான். நான் சினிமா ஆராய்ச்சி பண்றவ இல்ல, முன்கூட்டியே சொல்லிடறேன், "நீ என்ன பெரிய ஹிஸ்டாரியனா"ன்னு கமெண்ட்ல வராதீங்க. எங்கப்பா சினிமா ஆபரேட்டர், அந்த உரிமையிலதான் எழுதறேன்.

அப்பாவுக்கு விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரு. பதினேழு வயசுல டூரிங் டாக்கீஸ்ல பொட்டி தூக்குற வேலைக்கு சேந்து அப்புறம் ஆபரேட்டர் ஆனவரு. ஒரே மெஷின்தான் இருக்கும், ரீல் மாத்த மாத்த இடைவேளை, வெளிச்சம் குடுக்கிற கார்பன் குச்சி ரெண்டும் தேயத் தேய கையாலயே நகத்திக்கிட்டே இருக்கணும், கொஞ்சம் அசந்தா திரை இருட்டிடும், உடனே "ஆபரேட்டர் தூங்கிட்டான்டா"ன்னு விசில். பிற்பாடு பக்கத்து டவுன் தியேட்டர்ல 31 வருஷம். ஜெய்சங்கர் கௌபாய் படம் எல்லாம் ஒவ்வொண்ணும் அம்பது தடவைக்கு மேல ஓட்டியிருப்பாரு. அந்த தியேட்டரை இடிச்சு கல்யாண மண்டபம் ஆக்கினப்ப கையில குடுத்தது ஒரு மாச சம்பளம். அவ்வளவுதான்.

2018-ல அப்பாவும் அம்மாவும் எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. வந்த ரெண்டாவது வாரம் அப்பாவுக்கு கடவாப்பல் வலி, ராத்திரி பூரா தூக்கமில்ல. சனிக்கிழமை திறந்திருந்த டென்டிஸ்ட் ஒருத்தர்தான் கெடச்சாங்க, அதுவும் நைல்ஸ் பக்கத்துல, ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க. சரி கார்லயே உக்காந்து என்ன பண்றதுன்னு நைல்ஸ் மெயின் ரோட்டுல நடந்தோம். அங்க ஒரு பழைய தியேட்டர் வாசல்ல சார்லி சாப்ளின் படம் ஒட்டியிருந்துச்சு. அப்பா அப்படியே நின்னுட்டாரு. "தாயி, இது கொட்டகைல்ல"ன்னாரு. நான் பத்து வருஷமா அந்த ஊர்ல இருக்கேன், காஸ்ட்கோ தெரியும், கோயில் தெரியும், இது தெரியாது. வெக்கமாத்தான் இருந்துச்சு.

அது 1913-ல கட்டின எடிசன் தியேட்டர், இப்ப நைல்ஸ் எஸ்ஸனே சைலன்ட் ஃபிலிம் மியூசியம். உள்ள ஒரு வயசான வாலன்டியர், எழுபத்தஞ்சு இருக்கும், அவர்தான் முழுக் கதையும் சொன்னாரு, நான் அப்பாவுக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன்.

1903-ல நியூ ஜெர்சில தி கிரேட் ட்ரெய்ன் ராபரின்னு பன்னெண்டு நிமிஷப் படம் ஒண்ணு எடுத்தாங்க. அதுல நடிக்க வந்த ஆண்டர்சன் குதிரை ஓட்டுவியான்னு கேட்டதுக்கு ஓ நல்லா ஓட்டுவேன்னு சொல்லிட்டு, ஷூட்டிங்குக்கு போற வழியிலயே கீழ விழுந்துட்டாருன்னு கதை. அப்பவும் விடல, அந்தப் படத்துலயே மூணு வேஷம் போட்டாரு: ஒரு கொள்ளைக்காரன், தப்பிச்சு ஓடி சுடப்படுற பயணி, காலடியில சுட்டு மத்தவங்க ஆட வைக்கிற பட்டணத்து ஆளு. (கேமராவைப் பாத்து சுடற அந்த ஃபேமஸ் ஷாட்ல இருக்கிறது அவரு இல்ல, ஜஸ்டஸ் பார்ன்ஸ்னு வேற நடிகர். நெட்ல பாதி பேரு இதைத் தப்பா எழுதறாங்க.) அப்புறம் ஜார்ஜ் ஸ்பூர்ங்கிறவரோட கூட்டு சேந்து கம்பெனி, ரெண்டு பேர் பேரோட முதல் எழுத்து எஸ், ஏ, அதுதான் எஸ்ஸனே. ஸ்பூர் சிகாகோல கணக்கு வழக்கு, இவரு ஒரு குழுவைக் கூட்டிக்கிட்டு மேற்க ஊர் ஊரா அலைஞ்சு 1912-ல நைல்ஸ்ல ஸ்டுடியோ போட்டாரு. அங்க இருக்கிற கேன்யன், அதாவது மலை இடுக்குப் பள்ளத்தாக்குதான் காரணம். மலை, ஓடை, அதை ஒட்டி ரயில் தண்டவாளம், நல்ல வெயில், ரயில் கொள்ளைக் கதைக்கு வேற என்ன வேணும். கதை, நடிப்பு, டைரக்ஷன் எல்லாம் அவரே, ப்ராங்கோ பில்லி படம் மட்டும் 148, எல்லாம் சின்னச் சின்னப் படம். கெட்டவனா இருந்து கடைசில மனசு மாறுற திருடன், அதான் அவரோட கேரக்டர். ஒரே ஆளை ஒரே வேஷத்துல திரும்பத் திரும்ப பாக்கறதுக்குன்னே கூட்டம் வந்தது வெஸ்டர்ன் படத்துல அவருக்குத்தான் முதல்ல.

சாப்ளினையும் எஸ்ஸனேக்கு இழுத்தது இவர்தான், வாரம் 1,250 டாலர் சம்பளம், அது போக 10,000 டாலர் போனஸ். அந்த போனஸைக் குடுக்கத்தான் பார்ட்னர் ஸ்பூர் இழுத்தடிச்சாரு. 1915-ல சாப்ளின் நைல்ஸ்ல அஞ்சு படம் எடுத்தாரு. மறு வருஷம் அவரு வேற கம்பெனிக்கு போயிட்டாரு, நைல்ஸ் ஸ்டுடியோவும் மூடியாச்சு, ஆண்டர்சன் தன் பங்கை ஸ்பூருக்கே வித்துட்டு வெளிய வந்துட்டாரு. அதுக்குள்ள வில்லியம் ஹார்ட், டாம் மிக்ஸ்னு புது கௌபாய் ஹீரோக்கள் வந்தாச்சு. ஏன் தெரியலன்னு கேட்டீங்கல்ல, பாதி காரணம் இது. மீதி, அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம், தானா மக்கிடும், தீப்பிடிச்சா அணையாது. ஊமைப் படங்கள்ல பெரும்பாலானது இப்ப இல்லவே இல்ல. பாக்கறதுக்குப் படம் இல்லாதப்ப பேரு எப்படி நிக்கும்?

இதை நான் சொன்னதும் அப்பா, "பூத்தைப் பாக்கணும்னு கேளு"ன்னாரு. அந்தப் பெரியவர் மேல கூட்டிட்டுப் போனாரு. சின்ன அறை, பழைய கைப்பிடி மெஷின். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, நான் வாயே திறக்கல. அப்பா விரலால ரெண்டு குச்சி நெருங்கற மாதிரி காட்டினாரு, அவரு "யெஸ், யெஸ்"னு தலையாட்டினாரு. ஃபிலிம் எந்தப் பல்லு வழியா எங்க வளைஞ்சு போகும்னு அப்பா காத்துல கையை ஓட்டிக் காட்டினாரு, அந்த மனுஷன் அப்பா கையைப் பிடிச்சு கைப்பிடி மேல வச்சாரு. பல்வலி எங்க போச்சுன்னே தெரியல.

அன்னைக்கு ராத்திரி ஷோவுக்கும் வந்தோம், பல்லைப் பிடுங்கி வாயில பஞ்சு வச்சுக்கிட்டு. பக்கத்துல ஒருத்தர் நேர்லயே பியானோ வாசிக்க ப்ராங்கோ பில்லி படம் ஒண்ணு போட்டாங்க. பாதியில அப்பா என் காதுல, "ஸ்பீடு சரியா வச்சிருக்கான்"னாரு. எனக்குப் புரியல. ஊமைப் படம் எடுக்கும்போது செகண்டுக்கு பதினாறு, பதினெட்டு ஃப்ரேம்தான் ஓடும், நம்ம ஊரு மெஷின் எல்லாம் பேசும் படத்துக்கு இருபத்தி நாலு, அதுல போட்டா ஆளுங்க குடுகுடுன்னு ஓடுவாங்க. "நாங்க சாப்ளினை எல்லாம் ஓட விட்டே காட்டிட்டோம் தாயி, அந்தக் காலத்து ஆளுங்க நடக்குற நடையே இதான்"னாரு. அவரு குரல் என்னமோ மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தமில்லன்னு தெரியும். அந்தப் பல்லுக்கு நாங்க கட்டினது 640 டாலர். விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்துதான் கூட்டிட்டு வந்தோம், திடீர் வலிக்குக் குடுப்போம்னு தெளிவா போட்டிருந்தான். கடைசில இது ஊர்லயே இருந்த வியாதின்னு ஒரு வரி லெட்டர். மூணு மாசம் போன் பண்ணி ஓஞ்சுட்டேன். அப்பா, அம்மாவைக் கூப்பிடறவங்க பாலிசியில பல்லு பத்தின பக்கத்தை முழுசா படிச்சுட்டு காசு கட்டுங்க, ஊர்லயே ஒரு தடவை பல்லைக் காட்டி சர்டிஃபிகேட் வாங்கி வச்சுக்கங்க.

ஆண்டர்சனுக்கு 1958-ல, 78 வயசுல, கௌரவ ஆஸ்கர் குடுத்தாங்க. 1971-ல தன்னோட தொண்ணூறாவது வயசுல தெற்கு பசடீனால இறந்தாரு. ஸ்டுடியோ கட்டடம் 1933-லயே இடிச்சாச்சு, அந்த எடத்துல இப்ப ஃபயர் ஸ்டேஷன் இருக்கு. ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் அப்பா அதையும் பாக்கணும்னாரு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. மண்டபத்தைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல.

நைல்ஸ் போனா மியூசியத்துல பூத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. இப்பவும் அப்பா போன்ல பேரப்புள்ளைங்களை விசாரிச்சதும் அடுத்ததா கேக்கறது, அந்தக் கொட்டகைக்காரரு நல்லா இருக்காரான்னுதான்.