வாசகர் கேள்வி – பதில்: உங்கள் டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: நாங்கள் கைத்தறிப் போர்வை வியாபாரம் செய்கிறோம். எங்கள் கடையின் பெயரில் டாட் காம் கிடைக்கவில்லை. டாட் இன் காலியாக இருக்கிறது. அதை வாங்கினால் மதிப்புக் குறையுமா? இணையதளம் செய்து தரும் தம்பி, "உங்களுக்கு எதற்கு அலைச்சல், என் கணக்கிலேயே பதிவு செய்துவிடுகிறேன்" என்கிறார். சம்மதிக்கலாமா?
– வாசகி, சென்னிமலை

பதில்: மதிப்பு ஒரு துளியும் குறையாது. டாட் இன் என்பது 1989-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட முகவரி. 2005-இல் நிக்ஸி எனப்படும் நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா அதன் பொறுப்பை ஏற்றுப் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிட்ட பிறகுதான் அது பரவலானது. டாட் ஜிஓவி டாட் இன் அரசுக்கும், டாட் ஏசி டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கும் உரியவை; வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இப்படி ஒதுக்கப்பட்டவை நீங்கலாக, டாட் இன், டாட் கோ டாட் இன் இரண்டையும் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வாங்கிவிடுங்கள். பின்னால் வேறொருவர் வாங்கி உங்கள் வாடிக்கையாளரைக் குழப்ப இடம் கொடுக்க வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த டாட் காம் முகவரியைத் திறந்து, அதை வைத்திருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று பாருங்கள். அவரும் துணி வியாபாரிதான், அந்தப் பெயரில் உங்களுக்கு முன்பே தொழில் செய்து வருகிறார் என்றால், டாட் இன் காலியாக இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. டொமைன் பெயரும் வணிகப் பெயரைப் போலவே சட்டப் பாதுகாப்புக்கு உரியது என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே தீர்ப்பளித்துவிட்டது. டாட் இன் பெயர்களைப் பற்றிய தகராறுகளை விசாரிக்க நிக்ஸியிடம் தனி நடுவர் முறையும் உண்டு. தீய நோக்கத்தோடு பதிவு செய்யப்பட்டது என்று நிறுவப்பட்டால், பெயர் கைமாறிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கண்டிப்பாகச் சம்மதிக்காதீர்கள். அந்தத் தம்பி நாணயமானவராகவே இருக்கலாம். ஆனால் கடை வாடகை ஒப்பந்தத்தையோ மின் இணைப்பையோ வேறொருவர் பெயரில் எழுதிவைக்க நீங்கள் சம்மதிப்பீர்களா? டொமைனை நாம் விலைக்கு வாங்குவதாகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் ஓர் ஆண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை அதைப் பயன்படுத்தும் உரிமையைத்தான் பெறுகிறோம். பதிவேட்டில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்கே அந்த உரிமை. பணம் கட்டியவர் நீங்கள் என்பதை ரசீதைக் காட்டி நிரூபித்துக்கொண்டிருக்கும் நாட்களில் உங்கள் தளம் முடங்கிக் கிடக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், என் எழுத்துகளுக்காக ஒரு டாட் இன் பெயரை எனக்குத் தெரிந்த வடிவமைப்பாளர் ஒருவர் தம் கணக்கில் பதிவு செய்து கொடுத்தார். அவர் வேலை மாறினார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் திறப்பதையே விட்டுவிட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் காலையில் என் முகவரியைத் திறந்தால், பெயர் காலாவதியாகிவிட்டது என்ற ஒரு வரி மட்டும் நின்றது. கெடு முடிந்ததும் பெயர் உடனே பறிபோவதில்லை. வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கப் பதிவு நிறுவனம் சில வாரங்கள் தரும், அதன் பின் ஏறக்குறைய முப்பது நாட்களுக்குப் பல மடங்கு கட்டணம் செலுத்தி மீட்கலாம், அதுவும் கடந்தால் பெயர் மீண்டும் பொதுவெளிக்கு வந்துவிடும். நான் அந்த முப்பது நாட்களுக்குள் பிடித்துக்கொண்டேன்.

ஆகையால், நிக்ஸியின் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனம் ஒன்றில் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் கணக்குத் தொடங்குங்கள். தம்பிக்குத் தேவை டொமைன் எந்தச் சர்வரை, அதாவது உங்கள் தளம் இருக்கும் கணினியை, காட்ட வேண்டும் என்ற அமைப்பை மாற்றும் வசதி மட்டுமே. அதற்காக உரிமையைக் கொடுக்க வேண்டியதில்லை. டாட் இன்னில் உரிமையாளரின் அடையாளத்தை மறைத்து வேறொரு பெயரைக் காட்டும் சேவைக்கு அனுமதி இல்லை என்பதால், பெயரையும் முகவரியையும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள். முதல் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதல் ஆண்டின் விலைதான்.

கேள்வி: டாட் இந்தியா என்று தமிழிலேயே முகவரி வாங்கலாமாமே? பயன்படுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வாங்கலாம், பயன்படும், எனக்கு அதில் தனிப்பட்ட மகிழ்ச்சியும் உண்டு. 'இந்தியா' என்று தமிழ் எழுத்தில் முடியும் முகவரி 2011-இல் நம் நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூடத் தமிழ் எழுத்தில் முடியும் முகவரிகள் உண்டு. நீங்கள் தட்டும் தமிழ்ப் பெயரை உலாவி (பிரவுசர்), 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றித்தான் தேடுகிறது. சில செயலிகளில் அந்தச் சரமே வெளியே தெரிந்து பார்ப்பவரைத் திகைக்கவைக்கும். தமிழ் முகவரியில் மின்னஞ்சல் வைத்துக்கொண்டால், அதை ஏற்க மறுக்கும் படிவங்கள் இன்னும் நிறைய. ஆகவே ஆங்கில எழுத்து முகவரியும் ஒன்று இருக்கட்டும்.

எழுத்திலும் கவனம் வேண்டும். 'ஔவை' என்பதன் முதல் எழுத்தை 'ஔ' என்ற ஒரே எழுத்தாகத் தட்டலாம். 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளைத் தட்டியும் அதே தோற்றத்தைக் கொண்டுவரலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு குறியீடுகள். அப்படிப்பட்ட எழுத்து இல்லாத பெயராகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் உணவகம் தொடங்குகிறாள். டாட் எஸ்ஜி பெயரை இங்கிருந்தே நான் பதிவு செய்து அனுப்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதை உங்கள் மகளே செய்யட்டும். ஒவ்வொரு நாடும் தன் முகவரிக்குத் தானே விதி வகுக்கிறது. சிங்கப்பூரில் நிர்வாகத் தொடர்பாளர், அதாவது அந்தப் பெயருக்குப் பொறுப்பாளராகப் பதிவாகும் நபர், உள்ளூர் முகவரி உடையவராக இருக்க வேண்டும். பதிவு செய்த 21 நாட்களுக்குள் அவர் சிங்பாஸ் எனப்படும் சிங்கப்பூர் அரசின் மின்னணு அடையாள வசதி மூலம் தம் அடையாளத்தை உறுதி செய்யாவிட்டால் பெயர் நிறுத்திவைக்கப்படும். தஞ்சாவூரில் இருக்கும் உங்களால் அந்த உறுதியைத் தர முடியாது.