கிராணியார் பதில்கள்: பாட்டியின் பத்திரம்

கேள்வி: கிராணியாரே, எங்கள் வம்சாவளியை எழுதி வருகிறேன். அப்பாவைப் பெற்ற பாட்டி 1961-இல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இறந்தவர். இறப்புப் பத்திரத்தின் நகல் கேட்டு ஒரு பதிவு அலுவலகத்துக்குப் போனால், “உங்களுக்கு எதற்கு?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செத்து அறுபது வருஷம் தாண்டியவருக்கு என்ன ரகசியம்? (வாசகி, கோலகங்சார்)

பதில்: கோபம் நியாயம்தான், தங்கச்சி. ஆனால் கவுண்டரில் இருக்கும் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. நம் மலேசியாவில் இந்தப் பதிவேடுகள் 1957-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நகல் கேட்பவர் இறந்தவருக்கு என்ன உறவு, எந்தக் காரியத்துக்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். “வம்சாவளி எழுதுகிறேன்” என்பது அங்கே ஒரு காரணமாகவே படாது. “நான் பேத்தி, இதோ தாள்” என்றால் பேச்சு வேறு.

உங்கள் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பேர் இருக்கும், அப்பாவுடையதில் பாட்டி பேர் இருக்கும். இரண்டையும் ஒரே உறையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா நடமாடுகிறார் என்றால் அவரையே கூட்டிப் போங்கள். பேத்தி கேட்பதைவிட மகன் கேட்பது நேர்வழி. பசியாற வைத்து, காலையிலேயே போய்விடுங்கள்.

தாத்தா பாட்டியின் திருமணப் பத்திரத்தைத் தேடி அலையாதீர்கள். 1976-இல் இயற்றிய திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் பந்தல் போட்டுத் தாலி கட்டியவர்கள் பதிந்தே ஆகவேண்டும் என்றிருக்கவில்லை. முறைப்படி நடந்த அந்தக் கல்யாணங்கள் செல்லும் என்று அந்தச் சட்டமே ஏற்றுக்கொண்டது. இல்லாத தாளுக்காக ஆறு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது எழுத்து. இதில் குற்றவாளி நான்தான். முப்பத்தோரு வருஷம் பால்மரத் தோட்டத்தில் கிராணி (கணக்கெழுத்தர்) வேலை. பிறப்புக்கும் இறப்புக்கும் விவரம் எழுதிக் கொடுத்த கை இது. ஒரு வீட்டில் அப்பா பேர் வீராசாமி. மூத்தவனுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது ‘வி’க்குப் பிறகு இரண்டு ‘ஈ’ போட்டேன், இளையவனுக்கு ஒரே ஒரு ‘ஐ’, பெண்பிள்ளைக்குக் கடைசியில் ‘ஐ’க்குப் பதில் ‘வை’. மாதக் கடைசி, செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) முடிக்கிற அவசரம். அந்த மூன்று பேரும் ஒரு தகப்பன் பிள்ளைகள்தான் என்று நிரூபிக்கப் பிற்பாடு பட்ட பாட்டை எங்கே சொல்ல! ஆகவே உங்கள் பாட்டி பேரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

பாட்டியின் பழைய ஐசி (அடையாள அட்டை) டிரங்குப் பெட்டியில் கிடந்தால் அதுவும் உதவும். 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட் பக்கம், எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் வந்தது. அந்த வருஷமே 12 வயது முடிந்த எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது) மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த எத்தனையோ பேர்கள் அப்போதுதான் அரசாங்கக் காகிதத்தில் ஏறின.

கேள்வி: லண்டனில் யார் பத்திரத்தையும் யாரும் காசு கட்டி வாங்கலாமாமே? நமக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு? (வாசகர், ஈப்போ)

பதில்: உண்மைதான். இங்கிலாந்தில் 1837-இலிருந்து உள்ள பதிவுகளுக்கு உறவு காட்டத் தேவையில்லை. ஆனால் வெள்ளைக்காரர் எல்லாரும் அப்படியில்லை. நியூயார்க் நகரத்தில் 2018-இல் போட்ட விதிப்படி பிறப்புப் பதிவு 125 வருஷம், இறப்புப் பதிவு 75 வருஷம் கழித்துத்தான் பொதுவுக்கு வரும். வம்சாவளி தேடுகிறவர்கள் சத்தம் போட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. உயிரோடிருப்பவர் பத்திரம் கண்டவன் கையில் போகக்கூடாது, அதில் எனக்கும் சம்மதம்தான். ஐசி நம்பரை வைத்துக் கடன் வாங்குகிற காலம் இது. செத்தவருக்கு ஒரு வருஷக் கணக்கு வைத்துத் திறந்துவிடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: தாத்தா ரஜுலா கப்பலில் வந்தார். இந்தியாவில் எந்த ஊர் என்று தெரியவில்லை. (வாசகர், பீடோர்)

பதில்: தம்பி, கப்பலை விடுங்கள், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியைப் பிடியுங்கள். கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் கட்டினார்கள். கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் குலதெய்வம். கோயில் பேரைப் பாட்டிமார் மறக்கமாட்டார்கள்.

தோட்டத்து செக்ரோல் எங்காவது பிழைத்திருந்தால் விடாதீர்கள். இடப்பக்கம் பேர், குறுக்கே மாதத்து நாள்களுக்குக் கட்டங்கள். ஒரு பெண்ணின் வரிசையில் சில வாரம் கட்டங்கள் வெறுமையாக இருந்து, பிறகு மறுபடி நிரம்பினால், பிள்ளை பிறந்த மாதம் அதுவாக இருக்கலாம். எங்கள் தோட்டம் கைமாறியபோது பழைய செக்ரோல்களை ஆபீசுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். பக்கத்தில் நின்று குச்சியால் கிளறிவிட்டவன் நான்.